புல்வெட்டிக்கு எந்தப் பெட்ரோல்? 87, 91, 95, எத்தனால் என்று ஒரே குழப்பம்

பச்சைத்தரை:

எல்லோருக்கும் வணக்கம். தோட்ட வேலைக்கு என்னிடம் மூன்று பெட்ரோல் இயந்திரங்கள் இருக்கின்றன. தள்ளிக்கொண்டே போகும் ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டி ஒன்று, புதிது. தோளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று, இதுவும் புதிதுதான். மூன்றாவது, மாமா கொடுத்த பழைய செயின் சா. அவர் அதை எப்போது வாங்கினார் என்று அவருக்கே நினைவில்லை.

புல்வெட்டி, புல் வளரும் பருவம் முழுக்க வாராவாரம் ஓடும். பிரஷ் கட்டரை வேலிப் பக்கம் களை மண்டும்போது எடுப்பேன். செயின் சா, கிளை முறிந்து விழுந்தால்தான் வெளியே வரும்.

இப்போது கேள்வி. புல்வெட்டியின் கையேட்டில் "குறைந்தது 87 ஆக்டேன்" என்று போட்டிருக்கிறது. பங்கில் 91, 95 என்றுதான் இருக்கிறது, 87 என்று ஒன்றே இல்லை. பிரஷ் கட்டர் கையேடு 89 கேட்கிறது. இரண்டிலுமே எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. விற்றவர், "கேனில் அடைத்து வரும் சிறப்பு எரிபொருளை வாங்குங்கள், கவலையே இல்லை" என்கிறார். அதன் விலையைக் கேட்டால் கவலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, "எல்லாம் பெட்ரோல்தான், ஊற்றி இழு" என்கிறார்.

மூன்றுக்கும் ஒரே கேனில் பெட்ரோல் வைத்துக்கொள்ள முடியுமா? எதை வாங்கினால் இந்த மூன்றும் நீண்ட நாள் உழைக்கும்? இயந்திரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நல்லது.


டர்போ:

யோசிக்கவே வேண்டாம். பங்கில் இருப்பதிலேயே உயர்ந்த பிரீமியத்தைப் போடுங்கள். சக்தி கூடும், இன்ஜின் சுத்தமாக இருக்கும். என் பைக்குக்கு நான் அதுதான் போடுகிறேன்.


கயிறிழுப்பான்:

டர்போ தம்பி, பைக் வேறு, புல்வெட்டி வேறு. சிறிய இன்ஜின்களைப் பிரித்துப் போட்டுப் பிழைப்பு நடத்துகிறவன் நான். பட்டறைக்கு வரும் புல்வெட்டிகளில் ஆக்டேன் குறைந்ததால் கெட்டது என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. வருவதில் பெரும்பாலானவை பெட்ரோல் பழசாகிப் போனதால் வருபவை. அதனால் பச்சைத்தரை, உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறேன். எந்தப் பெட்ரோல் என்பதைவிட, அந்தப் பெட்ரோல் எத்தனை நாள் டேங்கில் கிடக்கப்போகிறது என்பதுதான் முக்கியம். அது உங்களுடைய மூன்று இயந்திரங்களுக்கும் மூன்று விதம்.

முதலில் அந்த எண் குழப்பத்தை முடித்துவிடலாம். ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஆர்ஓஎன், இன்னொன்று எம்ஓஎன். உலகின் பெரும்பகுதியில் பங்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுவார்கள். அந்தச் சராசரி பெரும்பாலும் ஆர்ஓஎன்னைவிட நான்கைந்து எண் குறைவாக வரும். உங்கள் கையேடு அந்தச் சந்தைக்காக அச்சிட்டது. அதன் 87 என்பது உங்கள் பங்கின் 91-க்குச் சமம். புல்வெட்டிக்கு 91 போதும். பிரஷ் கட்டர் கேட்கும் 89-க்கு 91 கொஞ்சம் குறைவு, 95 போடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்பது கட்டுக்கதை. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. புல்வெட்டி இன்ஜினின் அழுத்த விகிதம் எட்டுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று என்கிற அளவில்தான் இருக்கும். 91-க்கே அது அப்படித் தானாக வெடித்து இடிக்காது. 98 போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கெடவும் கெடாது, கூடவும் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில நாடுகளில் சில நிறுவனங்களின் பிரீமியத்தில் எத்தனால் இருக்காது, அல்லது குறைவாக இருக்கும். அப்படியானால் பிரீமியம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது ஆக்டேனுக்காக அல்ல.

இனி எத்தனால். இதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் சாமி வந்தது போல் ஆடுவார்கள், மீதிப் பேர் எல்லாம் வதந்தி என்பார்கள். நான் பார்த்தது இரண்டுக்கும் நடுவில். பங்கில் இ10 என்றால் 10 சதவீதம் எத்தனால், இ20 என்றால் 20. இப்போது செய்யப்படும் டியூபும் சீலும் இ10-ஐத் தாங்கும். உங்கள் கையேட்டில் உள்ள 10 என்ற வரம்பு அதனால்தான். அதைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. அமெரிக்காவில் 2011-இல் இ15-ஐ அனுமதித்தபோதுகூட 2001 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் உரிய கார்களுக்கு மட்டும்தான் அனுமதித்தார்கள். புல்வெட்டி, மோட்டார் சைக்கிள், படகு இன்ஜின் எதிலும் ஊற்றக் கூடாது என்று பங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டவைத்தார்கள்.

காருக்கு ஆகும் ஒன்று இதற்கு ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். காரில் புகையை முகர்ந்து பார்க்கும் சென்சார் இருக்கிறது. எத்தனால் கூடினால் கம்ப்யூட்டர் தானாகக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். புல்வெட்டியில் இருப்பது ஒரு பித்தளை ஜெட், அதில் ஒரு துளை. அது எதையும் கண்டுபிடிக்காது. எத்தனால் எரிய, பெட்ரோலைவிடக் குறைவான காற்று போதும். ஆகவே அதே துளை வழியாக எத்தனால் கலந்தது போகும்போது, இன்ஜினுக்குக் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்ற நிலை வரும். நாங்கள் 'லீன்' என்போம். லீனாக ஓடும் இன்ஜின் சூடாக ஓடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது ஏறி இறங்கி ஊசலாடும், காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கைக் கொஞ்சம் மூடினால்தான் நிலையாக ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் விளைவு இன்னும் மோசம். அதில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது, எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். சைலன்சரைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தால் செங்குத்தாகக் கீறல் கீறலாக இருக்கும்.

உங்கள் பகுதியில் கிடைப்பது இ10 என்றால் புல்வெட்டிக்கு அதையே போடுங்கள், வாராவாரம் ஓடுகிறது, தீர்ந்துவிடும். கிடைப்பது இ20 மட்டும் என்றால் எத்தனால் இல்லாத ஏதாவது ஒன்றைத் தேடிப் பாருங்கள். பிரஷ் கட்டருக்கும் செயின் சாவுக்கும் என்ன செய்வது என்று ராத்திரி எழுதுகிறேன். கடையில் ஆள் வந்துவிட்டார், கையில் புல்வெட்டி. இழுத்தால் வரவில்லையாம். டேங்கை முகர்ந்தாலே தெரிகிறது, பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் வாசனை.


டர்போ:

அண்ணா, அப்படியென்றால் பிரீமியத்தில் இன்ஜினைச் சுத்தம் செய்கிற மருந்து கலக்கிறார்களே, அதுவும் பொய்யா?


குடுவை:

அது பொய் இல்லை டர்போ. படிவு அகற்றும் மருந்து உண்மையிலேயே சேர்க்கிறார்கள். ஆனால் காய்ந்து போன கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகத்தை, அது காப்பாற்றாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்பது சில கரண்டி பெட்ரோல். அது ஆவியாகிப் போனால் எஞ்சும் பிசினோடு அந்த மருந்தும் சேர்ந்து அங்கேயே கிடக்கும்.

நான் வேதியியல் பக்கத்து ஆள். கயிறிழுப்பான் அண்ணன் சொன்ன லீன் விஷயத்துக்கு எண் கொடுத்துவிடுகிறேன். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ. இ10 என்றால் சுமார் 14.1, இ20 என்றால் சுமார் 13.5. அதாவது சுத்தப் பெட்ரோலுக்கு ஜெட் வைத்த இன்ஜினில் இ10 ஊற்றினால் 4 சதவீதம் லீன், இ20 ஊற்றினால் 8 சதவீதம் லீன். 4 என்பது பெரும்பாலும் சமாளித்துவிடக்கூடியது. 8 அப்படி இல்லை. கையேட்டில் 10 சதவீதத்தில் கோடு போட்டிருப்பதற்கு ரப்பர் மட்டும் காரணமில்லை.

அப்புறம் தண்ணீர். எத்தனால் தண்ணீரோடு சேரும், பெட்ரோல் சேராது. இ10-இல் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதைப் பிடித்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த அளவில் அது நல்லதுதான். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். மிதமான வெப்பநிலையில் இ10-க்கு அந்த அளவு அரை சதவீதம். ஒரு லிட்டரில் 5 மில்லி, ஒரு தேக்கரண்டி. குளிர் கூடினால் இன்னும் குறைந்த தண்ணீருக்கே பிரியும். பகலில் தெளிவாக இருந்த கேன், குளிர்ந்த இரவுக்குப் பிறகு அடியில் கலங்கலாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் கலவையில் இது நடந்தால் தான் வம்பு. ஆயில் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்குக்குள் இருக்கும் குழாயின் முனையில் எடை கட்டிய ஃபில்டர் இருக்கிறதே, அது எப்போதும் அடியில்தான் கிடக்கும். ஆக இன்ஜின் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத தண்ணீரும் எத்தனாலும்.

ஆனால் இணையத்தில் பயமுறுத்துகிற அளவுக்குக் காற்றின் ஈரத்தை மட்டும் குடித்தே ஒரு வாரத்தில் பிரிந்துவிடாது. மூடி இறுக்கமாக இருந்தால் அதற்கு நெடுநாள் ஆகும். தண்ணீர் பெரும்பாலும் நேராக வருகிறது: மழையில் வைத்த கேன், விரிசல் விட்ட மூடி, பாதி காலியான டேங்கின் உள்சுவரில் வியர்க்கும் ஈரம். கேனை நிறைத்து, இறுக்கி மூடி, நிழலில் வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.


பச்சைத்தரை:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. 87 விஷயம் இப்போதுதான் புரிந்தது. குடுவை, ஒரு வீடியோவில் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அடியில் இறங்கும் தண்ணீரை எடுத்துவிட்டு, "இப்போது எத்தனால் இல்லாத பெட்ரோல் தயார்" என்று காட்டினார்கள். வீட்டிலேயே இப்படிச் செய்துகொள்ளலாமா? அந்த விலை உயர்ந்த கேனை வாங்க வேண்டியிருக்காதே என்றுதான் கேட்கிறேன்.


குடுவை:

வேண்டாம். எத்தனால் வெளியே போவது உண்மைதான். ஆனால் அதோடு ஆக்டேனும் போகிறது. இ10 தயாரிக்கும்போது எத்தனாலே ஆக்டேனை உயர்த்திவிடும் என்று தெரிந்துதான் அடிப்படைப் பெட்ரோலைக் குறைந்த ஆக்டேனில் எடுக்கிறார்கள். அதைக் கழுவிவிட்டால் கையில் நிற்பது கையேடு கேட்கும் அளவுக்கும் கீழே இருக்கும். போதாததற்கு, கழுவிய பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீரும் தங்கும், அதைப் பிடித்துவைக்க இப்போது எத்தனாலும் இல்லை. அடியில் எடுத்த அந்தத் தண்ணீரை என்ன செய்வீர்கள்? அதில் பென்சீன் போன்றவையும் கலந்திருக்கும். செடிக்கும் ஊற்ற முடியாது, சாக்கடையிலும் விட முடியாது. திறந்த பாத்திரத்தில் பெட்ரோலைக் குலுக்குவது தீ விபத்துக்கு அழைப்பு வைப்பதுதான்.

அதே முறையைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி நிற்கவிடுங்கள். அடியில் தண்ணீர் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 20-க்குப் பக்கத்தில் ஏறினால் இ10 அளவுக்கு இருக்கிறது. 30-ஐத் தொட்டால் இ20 பக்கம். துல்லியமாக வராது, ஆனால் பங்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இது போதும். வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள்.


ரோஜாப்பாத்தி:

அந்த விலை உயர்ந்த கேனைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, நான் சொல்கிறேன். நான் அதைப் பயன்படுத்துகிறவள்.

இது அல்கைலேட் பெட்ரோல். கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான், ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் ஐசோபியூட்டேனையும் வேறு சில வாயுக்களையும் இணைத்துத் தனியாகச் செய்கிற திரவம். பங்க் பெட்ரோலில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கும், இதில் சிலவே. எத்தனால் கிடையாது. பென்சீன் கிட்டத்தட்ட இல்லை. சுவீடனில் 1980-களின் இறுதியில் காட்டில் நாள் முழுக்க மரம் அறுக்கிறவர்களின் உடல்நலத்தை நினைத்துத்தான் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பென் என்ற பெயரில் அங்கே தொடங்கியது. இப்போது செயின் சா செய்யும் பெரிய நிறுவனங்களே தங்கள் பெயரில் ஆயில் கலந்தும் கலக்காமலும் விற்கின்றன.

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் இன்ஜின் இல்லை, என் தலை. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரைகூட எரியாமலே புகையோடு வெளியே வரும். பிரஷ் கட்டரின் சைலன்சர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்று நம் பக்கம் வீசினால் முகத்துக்கு நேராகத்தான் அடிக்கும். பங்க் பெட்ரோல் ஊற்றி வேலை செய்த நாட்களில் மாலை ஆனால் தலை கனக்கும், சாப்பாடு இறங்காது. மாற்றிய பிறகு அது இல்லை. புகை இல்லாமல் போய்விடாது, கார்பன் மோனாக்சைடும் இருக்கத்தான் செய்யும், மூடிய ஷெட்டுக்குள் ஓட்டக் கூடாது. ஆனால் அந்தக் குமட்டும் வாடை போய்விட்டது.

இன்னொரு நன்மை, கெடாது. மூடிய கேன் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். டேங்கில் விட்டுவைத்து அடுத்த பருவத்தில் இழுத்தாலும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இனி பச்சைத்தரையின் செயின் சாவுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய இயந்திரத்தின் ரப்பர் சீல்கள் பல வருடங்களாகப் பங்க் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். திடீரென்று அல்கைலேட்டுக்கு மாற்றினால் அவை சுருங்கிக் கசியலாம். புதிய இயந்திரத்தை முதல் நாளிலிருந்தே இதில் ஓட்டினால் இந்தத் தொல்லை வராது. அதனால் பிரஷ் கட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். செயின் சாவைப் பட்டறையில் காட்டி, டியூபும் சீலும் மாற்றிய பிறகு வாங்குங்கள். புல்வெட்டிக்கு இதை ஊற்றுவது வீண் செலவு என்பது என் எண்ணம், அது டேங்க் டேங்காகக் குடிக்கும்.


கயிறிழுப்பான்:

ரோஜாப்பாத்தி அம்மா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். விலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பிரஷ் கட்டர் ஒரு பருவத்துக்குக் குடிப்பது சில லிட்டர்தான். அதற்கு ஆகும் கூடுதல் செலவையும், நான் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து டயாஃப்ரம் என்கிற சவ்வை மாற்ற வாங்கும் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பிழைப்பில் மண்ணைப் போட நானே வழி சொல்கிறேன், பரவாயில்லை. அல்கைலேட்டுக்கு மாற்றியதும் இன்ஜினின் சுழற்சி லேசாகக் கூடியிருக்கும், கார்புரேட்டரை மறுபடி சரிசெய்ய வேண்டிவரலாம். அல்கைலேட்டின் அடர்த்தி பங்க் பெட்ரோலைவிடக் குறைவு.

சரி, காலையில் விட்ட இடத்துக்கு வருகிறேன். பெட்ரோல் எப்படிப் பழசாகிறது? முதலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் பிடிப்பதற்கு அந்தப் பகுதிதான் வேண்டும், அதனால்தான் பழைய பெட்ரோலில் இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். பிறகு மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து கெட்டியாகும். கார்புரேட்டரைத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் வேப்பம்பிசின் போல மஞ்சளாக ஒட்டியிருக்கும். புல்வெட்டியில் மெதுவோட்ட ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் பிசின் கொஞ்சம் ஒட்டினாலும் கதை முடிந்தது. குச்சியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும்தான்.

பெரும்பாலான கையேடுகள் 30 நாள் என்று சொல்கின்றன. நானும் அதையே சொல்வேன். ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பெரிய கேன் நிறைய வாங்கி வைப்பது சிக்கனம் போலத் தோன்றும், இல்லை. பெட்ரோல் பழசாவதைத் தள்ளிப்போட ஸ்டெபிலைசர் என்று ஒரு மருந்து விற்கிறார்கள், அது வேலை செய்யும், ஆனால் பங்கிலிருந்து வந்த அன்றே ஊற்ற வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலில் ஊற்றினால் அது திரும்ப நல்லதாகாது. ஊற்றிய பிறகு இன்ஜினைச் சில நிமிடம் ஓட விட்டால்தான் மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டருக்குள்ளும் போய்ச் சேரும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பருவம் முடிந்ததும் புல்வெட்டியில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும். குழாய் இல்லாத மாடல் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு ஓட விடுங்கள். பிரஷ் கட்டரில் கிண்ணம் கிடையாது, மெல்லிய டயாஃப்ரம் இருக்கும், எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டுமே. அதன் டேங்கையும் காலி செய்து ஓட விடுவதுதான் வழக்கம். நான் வேறு விதமாகச் செய்கிறேன்: கடைசித் தடவை அல்கைலேட் ஊற்றி ஓட்டி, அதை உள்ளேயே விட்டுவிடுகிறேன். டயாஃப்ரம் காய்ந்து விறைத்துப் போகாது.

இனி ஒரே கேன் என்ற கேள்விக்கு. முடியாது. புல்வெட்டிக்கு வெறும் பெட்ரோல், அதன் ஆயில் தனியாக இன்ஜினுக்குள் இருக்கிறது. பிரஷ் கட்டருக்கு ஆயில் கலந்த பெட்ரோல். கேனை மாற்றி எடுத்து வெறும் பெட்ரோலைப் பிரஷ் கட்டரில் ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்குவதே மேல். இரண்டு கேன், இரண்டு நிறம், மேலே பெரிதாக எழுதி, கலந்த தேதியையும் எழுதுங்கள். டூ ஸ்ட்ரோக் ஆயிலில் நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் சேர்ப்பதே கலந்ததா கலக்காததா என்று பார்த்ததும் தெரியத்தான்.

புதிய பிரஷ் கட்டர் பெரும்பாலும் 50-க்கு 1 கேட்கும். லிட்டருக்கு 20 மில்லி ஆயில். கண் அளவில் ஊற்றாதீர்கள், அளவுக் குப்பி வாங்குங்கள். கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், குலுக்கல், மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும் முன்பும் கேனை ஒரு குலுக்கு. "ஆயில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், பாதுகாப்பு" என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது, அதுவும் லீன்தான். சைலன்சரில் கரி அடைத்துக்கொள்வது தனி.

ஆயில் டப்பாவில் ஜாஸோ எஃப்டி என்று இருப்பதை வாங்குங்கள், ஜாஸோ என்பது ஜப்பானியத் தரக் கணக்கு. ஐஎஸ்ஓ கணக்கில் இஜிடி என்று இருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். கரி குறைவாகப் படியும். எஃப்பி என்பது மட்டமான படி, எஃப்சி நடுத்தரம். டிசி டபிள்யூ 3 என்று போட்டது தண்ணீரில் குளிரும் படகு இன்ஜினுக்கானது, காற்றில் குளிரும் பிரஷ் கட்டர் சூட்டுக்கு அது தாங்காது. கார் இன்ஜின் ஆயிலைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

உங்கள் மாமாவின் செயின் சாவுக்கு என்ன விகிதம் என்று அதன் மேலோ கையேட்டிலோ பாருங்கள். அந்தக் காலத்து ஆயிலுக்கு 25-க்கு 1, 40-க்கு 1 என்று சொல்லியிருக்கலாம். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. அப்படிப் போட்டிருந்தால் அப்படியே கலக்கவும். அதற்கும் பிரஷ் கட்டருக்கும் ஒரே கலவை ஒத்துவராவிட்டால் சின்னதாக மூன்றாவது கேன்தான். அதன் டியூபை முதலில் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று ஒட்டினாலும் சரி, விறைத்து உடைந்தாலும் சரி, பெட்ரோல் ஊற்றும் முன் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை இழுக்க அழுத்தும் பிரைமர் குமிழில் விரிசல் இருந்தால் அதையும்.


டர்போ:

அண்ணா, ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் நன்றாக ஓடும் என்று ஒருவர் சொன்னார்.


கயிறிழுப்பான்:

அவர் பேச்சை இனிமேல் கேட்காதே. மண்ணெண்ணெய் ஆவியாவதே கடினம், குளிர்ந்த இன்ஜின் இன்னும் அடம்பிடிக்கும். ஆக்டேன் தடாலென்று இறங்கும், இன்ஜின் இடிக்கும். எரியாதது சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலோடு கலந்து அதை நீர்த்துவிடும். மண்ணெண்ணெய்க்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்த பழைய பம்ப் இன்ஜின்கள் உண்டு, அது வேறு ஜாதி.


பச்சைத்தரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று குழாயில் சோதித்துப் பார்த்தேன், தண்ணீர் 20-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. இ10 பக்கம்தான் போல. புல்வெட்டிக்கு அதையே சின்னக் கேனில் வாங்கிக்கொள்கிறேன். பிரஷ் கட்டருக்கு ஆயில் கலந்தே வரும் அல்கைலேட் கேன். செயின் சாவின் டியூப் கையோடு உடைந்து வந்தது, அது பட்டறைக்குப் போகிறது. ஷெட்டில் போன பருவத்துப் பெட்ரோல் கொஞ்சம் இருக்கிறது, அதை என்ன செய்வது?


குடுவை:

முகர்ந்து பாருங்கள், கண்ணாடிக் குவளையில் ஊற்றி நிறத்தையும் பாருங்கள். ஆயில் கலக்காதது, தெளிவாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால், பெட்ரோல் காரின் முக்கால் டேங்குக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் கலந்து தீர்க்கலாம். கருத்து, வார்னிஷ் வாடை அடித்தாலோ, அடியில் தண்ணீர் தெரிந்தாலோ ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மண்ணில் ஊற்றவே வேண்டாம்.


புதுக்களை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பிரஷ் கட்டரில் ஃபோர் ஸ்ட்ரோக் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஆயில் ஊற்ற மூடியே காணோம். வெறும் பெட்ரோல் ஊற்றலாமா?


கயிறிழுப்பான்:

நில்லுங்கள், ஊற்றாதீர்கள். வால்வு வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தாலும், ஆயில் கலந்த பெட்ரோலிலேயே ஓடும் இன்ஜின்கள் இருக்கின்றன. ஸ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் அந்த வகை. தனி ஆயில் கிண்ணம் அதில் கிடையாது, கலவையில் வரும் ஆயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கும். அதற்கும் 50-க்கு 1 கலவை. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25, ஜிஎக்ஸ்35 மாதிரி இன்ஜின்களில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருக்கும், அவற்றுக்கு வெறும் பெட்ரோல். உங்கள் டேங்க் மூடியைப் பாருங்கள், பெட்ரோல் பம்ப் படத்தோடு ஒரு ஆயில் துளியும் வரைந்திருந்தால் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.